மடை திறந்த நரி மறுபடியும் அங்கி அணிந்த கதை

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. சத்தியகீர்த்தி என்னும் நரி அதற்குக் காவல் அதிகாரியாக வரும்வரை, அதில் தண்ணீரும் இருந்தது.

நரி தொழிலால் வக்கீல். பதவி கிடைத்ததும் தன் கறுப்பு அங்கியைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, மடையைத் திறந்து, பொதுக்குளத்து நீரை முதலையின் சொந்தப் பள்ளத்திற்குப் பாய்ச்சியது. கைம்மாறாக வேளை தவறாமல் மீன் வந்தது. சிங்கத்தின் நீதிமன்றம் குற்றத்தை ஐயமற உறுதிசெய்து, நரியைக் குகைச் சிறையில் அடைத்தது. தண்டனை முடிந்து வெளியே வந்த நரியோ நேரே அந்தக் கிளைக்குப் போய், அங்கியை உதறி மாட்டிக்கொண்டு, முதலைக்காகவே வாதாடத் தொடங்கியது. வழக்கு என்ன? பள்ளத்து நீர் முதலைக்கே சொந்தம் என்பதுதான்!

மந்தாகினி என்னும் ஆமைக்கு வயிறு எரிந்தது. அதன் குஞ்சுகள் குளத்தின் கடைசிச் சேற்றில் கிடந்து வாடின. நரியை விட்டால் முதலைக்கு வாதாட வேறு ஆளில்லை. முன்பு வாதாடிய கொக்கை, வழக்கு ஒத்திவைக்கப்பட்ட ஆத்திரத்தில் முதலை விழுங்கிவிட்டிருந்தது. ஆகவே நரியின் அங்கி பறிபோனால் வழக்கு விழும், மடை அடைபடும், குஞ்சுகள் பிழைக்கும். இவ்வாறு எண்ணிய ஆமை, வக்கீல் மன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் முறையிட்டது.

குழுவில் காகம், பூனை, கீரி ஆகிய மூன்று வக்கீல்கள் அமர்ந்திருந்தன. விசாரணைக்காக நரி உள்ளே நுழைந்ததும், மூன்றும் விருட்டென்று எழுந்து நின்றன! மூன்றுமே ஒருகாலத்தில் நரியிடம் ஜூனியர்களாக இருந்து வழக்குக் கட்டுகளைச் சுமந்தவை. சீனியர் வந்தால் எழுவது அத்தொழிலின் மரபு. குற்றவாளியாக வந்தாலும் சீனியர் சீனியர்தானே?

"உட்காருங்கடா, உட்காருங்க" என்றது நரி பெருந்தன்மையுடன். "ஏண்டா பூனை, இளைச்சுப் போயிட்டே?"

"ஐயா உள்ளே போனதிலிருந்து சோறே இறங்கலைங்க" என்றது பூனை, மீசையில் ஒட்டியிருந்த மீன்செதிலைத் துடைத்தபடி.

ஆமை கழுத்தை நீட்டியது. "ஐயா, குளத்தையே திருடியவர் நீதிமன்றத்தில் நின்று வாதாடலாமா?"

காகம் தொண்டையைக் கனைத்தது. "பொறுங்கள் அம்மா. திருடும்போது இவர் அங்கி போட்டிருந்தாரா?"

"இல்லை. கிளையில் மாட்டியிருந்தார்."

"பார்த்தீர்களா! அங்கியின்மேல் ஒரு துளி நீர்கூடத் தெறிக்கவில்லை. திருடியவர் குளத்து அதிகாரி. இங்கே நிற்பவர் வக்கீல்."

"இரண்டும் ஒரே நரிதானே, ஐயா?"

"அது உடம்பைப் பற்றிய பேச்சு" என்று கீரி சீறியது. "நாங்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிறோம்."

ஆயினும், குற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை என்ற பழி குழுவுக்கு வரலாகாதல்லவா? மூன்றும் தலைகூடிக் கடுமையான தீர்ப்பொன்றை வழங்கின: நரி எவ்வளவு காலம் சிறையில் இருந்ததோ, அவ்வளவு காலம் அங்கி அணியக் கூடாது! ஆமையின் கண்கள் மலர்ந்தன. சிறையில் இருந்தபோது நரி அங்கி அணியவில்லை. ஆதலின் இத்தண்டனையும் முன்னரே தீர்ந்துவிட்டது என்று காகம் அடுத்த மூச்சில் சேர்த்தது.

"தலைவணங்கி ஏற்கிறேன்" என்றது நரி, கண்ணீர் மல்க.

ஆமை விடவில்லை. "அப்படியானால் முதலைக்கு எதிராக நானே வாதாடுகிறேன். வாய்தாவுக்கு நடந்து நடந்தே சட்டம் முழுவதும் எனக்கு மனப்பாடம். எனக்கும் ஓர் அங்கி கொடுங்கள்."

குழு திடுக்கிட்டது. "வக்கீலாகச் சேர நன்னடத்தை வேண்டும், அம்மா!" என்று காகம் கரைந்தது. "மூத்த வக்கீல்மேலேயே புகார் கொடுத்தவர் நீங்கள். உங்களை எப்படி நம்பி உள்ளே விடுவது?"

பேசிய களைப்பில் நரி தண்ணீர் கேட்டது. முதலையின் பள்ளத்திலிருந்து வந்திருந்த குடத்தைக் கீரி பணிவோடு சாய்த்தது. அந்த நீரின் மணம் ஆமைக்குத் தெரிந்தது. அது பிறந்த குளத்தின் மணம்.

ஊர்ந்து ஊர்ந்து ஆமை வீடு திரும்பியபோது சேறும் காய்ந்திருந்தது. குஞ்சுகள் இருந்த இடத்தில் ஓடுகள் மட்டும் கிடந்தன.

நீதி: திருட எண்ணுவோர் அதற்கு முன்பே வக்கீலாகிவிடுக, நன்னடத்தை உள்ளே நுழைவதற்குத்தான் வேண்டும், உள்ளே இருப்பதற்கு வேண்டியதில்லை.