இரண்டாவது கிளாஸ்

"செத்துப்போன பொண்டாட்டி வந்திருக்கேன். என்னைக் கொன்னது யாரு?"

வாசலில் நின்ற அம்மாள் போட்ட சத்தத்தில் பத்திரிகை அலுவலகமே போட்டோக்காரனைத் திரும்பிப் பார்த்தது. அவன் மேசைக்கு அடியில் எதையோ தேடினான்.

ஞாயிறு இதழில் வந்திருந்தது அவன் எடுத்த படம். நடைபாதையில் குடை ரிப்பேர்காரர். பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ். ஒன்று காலி. மற்றது ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. கீழே அவன் எழுதிய வரி: 'மறைந்த மனைவிக்காக.'

எதிர்ப்பக்கத் தூணுக்குப் பின்னால் ஒரு மாதம் தினமும் நின்று எடுத்தவன். கிட்டே போகக்கூடாது, பேசக்கூடாது, பேசினால் ஆள் நடிக்க ஆரம்பித்துவிடுவார் என்பது அவன் தொழில் சட்டம். முதல் நாள் படத்தில் ஒரே கிளாஸ்தான் இருந்தது. கதைக்கு ஒத்துவரவில்லை என்று அதை அழித்துவிட்டான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. திருத்தம் போட்டுடறோம்," என்றார் ஆசிரியர்.

'மனைவிக்காக அல்ல, மறைந்த நண்பனுக்காக' என்று திருத்தம் வந்தது.

மறுநாள் பூட்டு ரிப்பேர்காரர் வந்தார். "அந்த ஆளுக்கு இருக்கிற ஒரே கூட்டாளி நான்தான். காலையிலேர்ந்து துக்கம் கேக்க வர்றாங்க. கதவைத் தொறக்கிறதே நான். என்ன பதில் சொல்ல?"

இனி யாரையும் சாகடிப்பதில்லை என்று போட்டோக்காரன் முடிவு செய்தான். 'தூரதேசம் போன மகனுக்காக' என்று எழுதிக் கொடுத்தான்.

அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, எங்களுக்குப் புள்ளை கிடையாது. நான் பெக்காத மகன் அவருக்கு எங்கேர்ந்து வந்தான்? அந்த கிளாஸ் யாருக்குன்னு மூணு நாளா கேக்கறேன். 'சொன்னா அந்தப் பையன் பொழப்பு கெட்டுடும்'ங்கறார். எந்தப் பையன்?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷக் குடித்தனம், போட்டோக்காரனின் ஒரு வரியில் ஆட்டம் கண்டு நின்றது. அவன் ஆசிரியரைப் பார்த்தான்.

"போய் அந்த ஆளையே கேளுய்யா," என்றார் ஆசிரியர்.

"கேட்டா இயல்பு கெட்டுடும் சார்."

"குடும்பமே கெட்டுடுச்சு. போ."

அம்மாளோடு சேர்ந்து, முதல் தடவையாக அந்தத் தெருவைக் கடந்தான். குடை ரிப்பேர்காரர் நிமிர்ந்து பார்த்தார். மடியில் இருந்த குடைக்கம்பியை ஓரமாக வைத்துவிட்டு, தகரப் பெட்டி ஒன்றைத் துணியால் துடைத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

அவன் உட்கார்ந்தான். கேள்வி கேட்க வாயைத் திறந்தான்.

இரண்டு கிளாஸோடு வந்த டீக்கடைக்காரர் ஒன்றை அவன் கையில் திணித்தார்.

"ஒருவழியா வந்துட்டீங்களா? இன்னிக்காவது சூடா குடிங்க. நின்னுகிட்டே இருக்கீங்களேன்னு தினம் உங்களுக்குத்தான் வாங்கி வெப்பாரு. கூப்பிட்டா உங்க படம் கெட்டுடுமாம்."