நாலு நிமிடத்தில் வரும் காலி பஸ்

என் அக்காவின் வாழ்க்கையில் இரண்டரை வருடத்தைத் தின்றவன் நான். இதற்காக நான் அவளோடு சண்டை போடவில்லை, அவள் கல்யாணத்தைக் கெடுக்கவில்லை. ஒரு ஆப் எழுதினேன், அவ்வளவுதான்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது சரியில்லை என்று தோன்றும். அதைவிட மோசம், தன்னால் அதைச் சரிசெய்ய முடியும் என்றும் தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காக ரத்தோட்டையில் எங்கள் வீட்டுச் சாமி அறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். (அங்கேதான் சிக்னல் கிடைத்தது. வீடியோவில் நான் பேசும்போதெல்லாம் தோளுக்கு மேலே முருகன் தெரிவார். மனேஜர் என்னைத் திட்டாததற்கு அவரும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

கொழும்பில் போனைத் தட்டினால் வாசலுக்குக் கார் வருகிறது. எங்கள் ஊரிலோ பஸ் நிற்கும் ஹோல்டுக்குப் போய், எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் ஹனீபா நானாவிடம் "பஸ் போயிருச்சா நானா?" என்று கேட்க வேண்டும். அவர் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணு போயிருச்சு, மத்தது இப்ப வந்துரும்" என்பார். ஒரு ஊரின் போக்குவரத்து முழுவதும் ஒரு கடைக்காரரின் ஞாபகத்தில் ஓடுவது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இந்த நாடு ஏன் உருப்படவில்லை என்று கூட்டாளிகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவேன். அவர்கள் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புவார்கள்.

அதனால்தான் அந்த ஆப். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கி மாத்தளைக்குப் போகும் பஸ் ஒன்றில் சுனில் என்று ஒரு கண்டக்டர். தங்கமான மனுஷன். நான் கேட்டதும் தன் போனில் ஆப்பைப் போட்டுக்கொண்டார். அவருடைய போன் போகும் இடமெல்லாம் என் திரையில் ஒரு நீலப் புள்ளி நகரும். ஆள் ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்பதும் எனக்குத் தெரிந்துவிடும். அவர் மறதியில் ஆப்பை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, நிறுத்தவே முடியாதபடி எழுதியிருந்தேன். அந்த ஒரு வேலையை நினைத்து நானே என்னைப் பலமுறை மெச்சிக்கொண்டதுண்டு. மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நான் தரையில் நடப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தேன்.

அப்போதுதான் சுமதி அக்காவுக்குக் கண்டியிலிருந்து கடிதம் வந்தது. டிகிரி முடித்துவிட்டு ஆறு வருடமாக ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவள். காலை எட்டரைக்கு நேர்முகத் தேர்வு, ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரவும் என்று இருந்தது. அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான்கு நாள் என் அலுவலகக் கூட்டங்களில் முருகனோடு அந்தக் கடிதமும் கலந்துகொண்டது.

"அஞ்சரை பஸ்ஸுக்கே போயிருவோம்டா தம்பி" என்றாள் அக்கா.

"அவ்வளவு வெள்ளன போய் அங்க என்ன செய்யப் போற? ஆறு மணிக்கு ஹோல்டுக்குப் போனா போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவள் நம்பினாள். படித்தவன் சொல்கிறான் என்று நம்பியிருக்க மாட்டாள், அவளும் படித்தவள்தான். தம்பி சொல்கிறான் என்று நம்பினாள்.

தேர்வு நாள் காலை ஆறு மணிக்கு ஹோல்டில் நின்றோம். அக்கா, கஞ்சி போட்டுத் தேய்த்த நீலச் சேலையில், பைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். ஆறு பத்துக்கு ஒரு பஸ் வந்தது. மிதிபலகையில் மூன்று பேர் தொங்கினார்கள். "இஸ்ஸரஹட்ட யன்ன! முன்னுக்குப் போங்க, உள்ள எடமிருக்கு!" என்று அதன் கண்டக்டர் இரண்டு மொழியிலும் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டாள்.

நான் போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. தூரம்: நாலு நிமிடம். பயணிகள்: பூஜ்யம்.

"அக்கா, எறங்கு! பின்னாலேயே சுனிலோட பஸ் வருது. முழுக்கக் காலி. சேல கசங்காம ஒக்காந்துட்டுப் போகலாம்."

கடையிலிருந்து நானா குரல் கொடுத்தார். "தம்பி, அக்காவ இதுலயே ஏத்தி வுடுங்க. அடுத்தது எப்பன்னு சொல்ல ஏலாது."

நான் போனை உயர்த்தி அவருக்குக் காட்டினேன். வாயால் பதில்கூடச் சொல்லவில்லை. (அந்தக் கையை நினைத்தால் இப்போதும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.) அக்கா காலை இறக்கினாள். பஸ் போய்விட்டது.

நாலு நிமிடம் ஆனது. புள்ளி ஒரு வளைவில் போய் நின்றுகொண்டது. "எதிர்ல லொறி வந்திருக்கும்" என்றேன். பத்து நிமிடம் நின்றது. "ஆள் ஏத்துறாங்க" என்றேன். "அப்பறம் ஏன்டா இன்னும் பூஜ்யம்னு காட்டுது?" என்று அக்கா கேட்டாள். ஆறு வருடம் வேலையில்லாமல் இருந்தவளுக்கு இருந்த புத்தி, சம்பளம் வாங்கும் எனக்கு இல்லை. நெட் ஸ்லோ என்று ஏதோ உளறினேன். இதற்கிடையில் இன்னொரு பஸ் வந்தது. நிறைந்து வழிந்ததால் நிற்காமலே போனது.

புள்ளி மறுபடி நகர்ந்தது. வளைவுகளில் ஒரு பஸ்ஸால் முடியாத வேகத்தில் வந்தது. "பாத்தியா, பறந்து வர்றான்!" என்றேன். அரைக் கிலோமீட்டர். இருநூறு மீட்டர். நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். போன் மணியடித்து, நானே என் குரலில் பதிந்து வைத்திருந்த வாசகத்தை ஹோல்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னது: "உங்கள் பஸ் வந்துவிட்டது. மகிழ்ச்சியான பயணம் அமையட்டும்."

எங்கள் முன்னால் ஒரு ஆட்டோ போனது. அதற்குள் ஐந்து பேர் அடைந்து கிடந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமுமாக, மடியில் பெரிய பழத்தட்டோடு சுனில். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆ, மல்லி!" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லித் தலையை வெளியே நீட்டினார். "இன்னைக்கி லீவு! பல்லேபொலயில அக்கா வீட்டுல பிக்குமாருக்குத் தானம்!" ஆட்டோ திரும்பும்வரை கையசைத்துக்கொண்டே போனார். அவருடைய சட்டைப் பையில், நிறுத்தவே முடியாதபடி நான் எழுதிய ஆப், ஒரு பயணிகூட ஏறாத பஸ்ஸாக மாத்தளையை நோக்கிப் போனது.

"சுனில் லீவுன்னு நேத்தே சொல்லிட்டுத்தானே போனான்" என்றார் நானா. "நீங்க கேக்கல்லையே தம்பி."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு வந்த பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிப் போனோம். சேலையில் இருந்த கஞ்சியெல்லாம் மாத்தளைக்கு முன்பே போய்விட்டது. மாத்தளையில் கண்டி பஸ், ஆள் நிறையட்டும் என்று இருபது நிமிடம் உறுமிக்கொண்டே நின்றது. அக்குறணையில் வாகனங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு ஊரே தன் கடைகளுக்கு முன்னால் வாகனத்தை நிறுத்திவிட்டு, ரோட்டில் ஏன் போக முடியவில்லை என்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கும் ஒரு ஆப் யோசித்திருப்பேன். அன்று முருகனைக் கூப்பிட்டேன். சாமி அறையில் என் முதுகையே பார்த்து அலுத்தவர், அவர் என்ன செய்வார்.

அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஒன்பதரை. அக்காவின் பாடத்துக்குப் பெயர் கூப்பிட்டு முடித்து, அடுத்த பாடத்துக்காரர்கள் உள்ளே போயிருந்தார்கள். மேசையில் இருந்த உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. பட்டியலைப் பார்த்தார், அக்காவின் கசங்கிய சேலையைப் பார்த்தார்.

"எங்கருந்து வாறீங்க?"

"ரத்தோட்ட, சார்."

"ஏன், வெள்ளன பஸ் இல்லையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாவற்றையும் நானே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இருந்துச்சு சார்" என்றாள் அக்கா. "நாந்தான் ஏறல."

அடுத்த முறை பார்ப்போம் என்றார் அவர். அந்த அடுத்த முறைக்கு இரண்டரை வருடம் ஆனது. அந்த இரண்டரை வருடமும் அக்கா வீட்டு முன் அறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். பக்கத்து அறையில் நான் இருந்தேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேலை ஓடாது.

ஆப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன். புள்ளி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. சோறு வேகத் தாமதமானால் "புள்ளி வந்துகிட்டு இருக்கு" என்பாள் அம்மா. எனக்குப் பெண் பார்க்கும் தரகர் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால் "புள்ளி வளைவுல நிக்குது போல" என்பாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னை அறிமுகப்படுத்துவதே "நாலு நிமிஷத்துல பஸ் வருதுன்னு சொன்னானே, அவன்தான்" என்றுதான். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காதான் அதிகம் சிரிப்பாள். அது எனக்கு ஆறுதலா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அக்கா இப்போது மாத்தளையில் டீச்சர். போன வாரம் காலை அவளை ஹோல்டில் விடப் போயிருந்தேன். ஒரு பஸ் வந்தது, மிதிபலகை வரை ஆட்கள். அதற்குப் பின்னால், வளைவில், இன்னொரு பஸ் வருவதைப் பார்த்தேன். போனில் இல்லை, என் இரண்டு கண்ணால் பார்த்தேன். உள்ளே ஒரு தலைகூடத் தெரியவில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து, கம்பியைப் பிடித்துவிட்டாள். பஸ் போனது. காலி பஸ் வந்து என் முன்னால் நின்றது. "யனவத?" என்றான் கண்டக்டர், போகிறாயா என்று. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

சாயந்தரம் அக்கா வீட்டுக்கு வந்தபோது அந்தக் காலி பஸ்ஸைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டாள்.