வெங்காய வண்டியில் திரும்பப் பெற்ற பொய்

நான் ஒரு பொய்யைப் பரப்பினேன். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியில்லை, சரிபார்க்காமல் செய்தேன். அதுவும், "ஆதாரம் எங்கேடா?" என்று பிள்ளைகளின் காதைத் திருகியே ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் நான்.

தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். நானோ அதை வகுப்பெடுக்கும் குரலில் பதிவுசெய்து, "விசாரித்துவிட்டேன்" என்றும் சேர்த்து, கொரட்டூரில் எங்கள் தெருக் குழுவுக்கு அனுப்பினேன். (விசாரித்தது என் மனைவியிடம். "காபி ஆறுது" என்றாள்.)

அடுத்த புதன்கிழமை அங்கன்வாடியில் நர்சம்மா தடுப்பூசிப் பெட்டியோடு காத்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை. மதியம் நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்க சார் விசாரிச்சீங்க? உலகம் பூரா ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க. ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஊசி போடற வயசுலதான் அதோட அறிகுறியும் தெரிய ஆரம்பிக்கும். அதை வெச்சு முடிச்சு போட்டுடறாங்க."

"அப்படியா?" என்றேன். (கடைசி பெஞ்சு மாணவன் மாதிரி.)

"எதிர்வீட்டு அமுதாவோட பெரிய பையனுக்கு ஆட்டிசம். ஊசி போட்டு நாமதான் இப்படி ஆக்கிட்டோம்னு ரெண்டு நாளா அழுவுது. சின்னதுக்குப் போடவே மாட்டேங்குது. அதுக்குத் தட்டம்மை வந்தா யாரு சார் பதில் சொல்றது?"

அன்றே மறுப்பைப் பதிவுசெய்து அனுப்பினேன். பொய்க்கு இருந்த மவுசு மறுப்புக்கு இல்லை, யாரும் கேட்கவில்லை. மறுநாள், ஒலிபெருக்கி கட்டி லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்கும் சேகரை மறித்தேன்.

"இன்னா சார், வெங்காயத்தோட ஊசியும் விக்கப் போறியா?"

"ஒரு பொய்யைத் திரும்ப வாங்கணும்பா."

"ஏறு நைனா!"

"பெற்றோர்களே, நான் சொன்னது பொய்!" என்று முழங்கினேன். அவனுடைய பதிவுக் குரலும் நிற்காமல், "வாங்கம்மா, நாசிக் வெங்காயம்!" என்று கூடவே கத்தியது. தெருவே பையோடு வெளியே வந்தது.

"எது சார் பொய்? எடையா?" என்றார் ஓர் அம்மாள்.

"யோவ் சார், எம் பொழப்புல கை வெக்காதே!" என்று சேகர் அலறினான்.

அப்போது அமுதா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். "சத்தத்த நிறுத்துங்க சார், பெரியவனுக்குத் தாங்காது." ஜன்னலில் அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்கி, தடுப்பூசி பற்றி நான் அனுப்பியதுதான் பொய் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னேன்.

"அப்போ... என்னால இல்லியா சார்?" என்றாள் அமுதா.

"இல்லம்மா. ஊசியாலயும் இல்ல, உன்னாலயும் இல்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசினது நான். மன்னிச்சுக்கம்மா."

கைக்குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "புதன்கெழம நீங்களும் வரணும். இவன் கத்தினா நீங்கதான் தூக்கணும்."

போனேன். வரிசை அங்கன்வாடி வாசலைத் தாண்டி நின்றது. சின்னவன் ஊசி போட்டதும் கதறி, என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். நல்லாசிரியர் விருது வாங்கியிருந்தால்கூட நான் அப்படிச் சிரித்திருக்க மாட்டேன். பெரியவன் கண்ணாடியை எடுத்துவந்து, என் முகத்தைப் பார்க்காமலே கையில் வைத்தான்.

இப்போது எந்தத் தாய் பயந்து தயங்கினாலும், "பொய் சொன்ன சார் வீட்டுல போய்க் கேளு" என்று நர்சம்மா அனுப்பிவிடுகிறார். அழைப்புமணி அடிக்கும், என் மனைவி தெருவுக்கே கேட்கும்படி, "ஏங்க, பொய் சொன்ன சாரைத் தேடிக்கிட்டு வந்திருக்காங்க!" என்பாள்.

"இதோ வந்துட்டேன்" என்று சட்டையை மாட்டிக்கொள்வேன்.