கல் இருக்கும் வீடே தலைமையகம்

மாநிலத்தில் ஒரு மாவட்டம் பாக்கியில்லாமல் கர்லிங் விளையாட்டைப் பரப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஹாலின் நடுவில் நின்று சபதம் எடுத்தார். அவர் மனைவி வாளியும் கையுமாகக் காத்திருந்தாள்.

"தாராளமா பரப்புங்க. முதல்ல அந்தக் கல்லைக் கொஞ்சம் நகர்த்துங்க, தரை துடைக்கணும்."

கர்லிங் ஒன்றும் பெரிய வித்தையில்லை. பனித்தரையில் ஒருவர் கைப்பிடி வைத்த கனத்த கல்லைத் தள்ளிவிடுவார். இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். மறுமுனையில் வரைந்த வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் யார் கல் நிற்கிறதோ அவர் பக்கம் வெற்றி. கல் ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் ஒருவர் சாவகாசமாகக் கொட்டாவி விடலாம். ஆனால் நம்மவருக்குப் பொறுமை என்பது பிறக்கும்போதே மறந்துபோன சாமான். கல்லுக்குப் பக்கத்திலேயே ஓடி, "போ, போ, ஐயோ நில்லு!" என்று அதனிடம் கெஞ்சுவார்.

வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாத மனிதர், துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எந்த ஊரிலும் பனி இல்லை. பள்ளிக்கூட வராந்தாக்களில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, கல்லுக்குப் பதிலாகக் குக்கரைத் தள்ளிக் காட்டினார். ஓர் ஊரில் தலைமையாசிரியர் வழுக்கி விழுந்தார். அந்த மாவட்டம் என்ன, எந்த மாவட்டமும் அவருடைய கர்லிங் சங்கத்தில் இன்னும் சேரவில்லை.

நிஜப் பனி இருந்த ஒரே இடம் உள்ளூர் வணிக வளாகத்தின் சறுக்குத் தளம். அதன் மேலாளர் காலையில் கொஞ்ச நேரம் இடம் கொடுப்பார். கல்லை வைக்க மட்டும் இடம் தரமாட்டார். எனவே ஒரு செட்டுக்குரிய பதினாறு கல்லும் வீட்டில் குடியிருந்தன. ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறந்தது. கட்டிலுக்கு அடியில் நாலு, அடுப்படியில் மூன்று. மனைவியின் கால் கட்டைவிரல் இடிபட்டு இடிபட்டுக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வராத நாள் இல்லை. அழுதால் மட்டும் கல் கரையுமா?

இந்த லட்சணத்தில், அவர் செயலாளராக இருந்த ஏழு பேர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. எதிர்வீட்டு ஓட்டுநர் பள்ளிக்காரரும் போட்டியிட்டார்.

"தலைவர் வீடுதான் தலைமையகம்னு விதியே எழுதிட்டேன்," என்றார் கண்ணாடிக்காரர் பெருமையாக. "நான் ஜெயிச்சதும் இன்னும் மூணு செட் கல் வருது."

"எங்கே வருது?"

"வேற எங்கே? இங்கேதான்!"

மனைவி கட்டைவிரலைப் பார்த்தாள். "அவர் ஜெயிச்சா?"

"எல்லாக் கல்லும் அவரோட கார் ஷெட்டுக்குப் போயிடும். அது நடக்குமா? எண்ணிப் பாரு. நான், நீ, உன் தம்பி, சறுக்குத் தள மேலாளர். நாலு ஓட்டு நமக்கு. அவருக்கு அவரு, அவர் சம்சாரம், அவர்கிட்ட வேலை பார்க்கிறவர். மூணே மூணு."

"அப்போ நீங்கதான் தலைவர். நில்லுங்க, நல்லா நில்லுங்க," என்றாள் அவள்.

அவர் பூரித்துப்போனார். அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட்டார். வாடிக்கையாளர் படியில் தடுக்கி விழுந்ததும், "பதவி ஏற்ற பிறகு மாத்தித் தரேன்" என்றார்.

தேர்தல் வீட்டு ஹாலில். கல்லுக்கு ஒருவராக ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். ஓட்டுச் சீட்டைப் போட மனைவி ஒல்லியான தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"தலைவராகப் போறவர் முதல்ல போடுங்க," என்றாள் கணவனிடம். அவர் காலரைச் சரிசெய்துகொண்டு போட்டார். பிறகு மேலாளர், தம்பி, அவள். எதிர்வீட்டார் மூவரும் கடைசியில் போட்டார்கள்.

சீட்டுகளை அவளே ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தாள்.

"எதிர்வீட்டு அண்ணன்."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"எதிர்வீட்டு அண்ணன்."

ஜன்னல்வரை நடந்து திரும்பினார்.

"எதிர்வீட்டு அண்ணன்."

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. மச்சினனை ஒரு பார்வை பார்த்தார். அவன் ஒன்றும் புரியாமல் சிரித்தான். சிரிக்கிறானே, துரோகி! மனைவி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, மூணும் அவருக்கே விழுந்திருக்கு. யாரோ கவிழ்த்துட்டாங்க போல. இந்த ஆட்டத்துல, தோக்கிறது தெரிஞ்சா கடைசிக் கல் வரைக்கும் இழுக்காம கை குடுத்துடறதுதான் மரியாதைன்னு ஊரெல்லாம் பேசுவீங்களே?"

"ஆமா. குடுத்த கை குடுத்ததுதான். ஆட்டம் முடிஞ்சுது. சங்கத்து விஷயத்துக்கும் அதே சட்டம்தான், நானே எழுதினது."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க? ஏழும் அவருக்குன்னு ஆனபிறகு குடுத்தா கேவலம். இப்போ குடுத்தா பெருந்தன்மை."

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுத்திருக்கலாம். நம்மவர் இரண்டே எட்டில் ஹாலைக் கடந்து ஓட்டுநர் பள்ளிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள், தலைவரே!" எல்லாரும் கை தட்டினார்கள்.

"மீதிச் சீட்டையும் ஒரு ஒழுங்குக்குப் பார்த்துடலாம்," என்றார் மேலாளர்.

மனைவி பிரித்தாள். நாலிலும் கண்ணாடிக்காரர் பெயர்.

புதுத் தலைவர் தன் கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். "குடுத்த கை குடுத்ததுதானே, செயலாளரே?" என்று கேட்டுவிட்டு, கல் எடுக்க வண்டி கொண்டுவர ஆளை அனுப்பினார்.

எல்லாரும் கலைந்த பிறகு கண்ணாடிக்காரர் தூக்குவாளியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். முதலில் விழுந்தது அடியில். கடைசியில் விழுந்தது மேலே. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது.

"அடிப்பாவி! திட்டம் போட்டுக் கவிழ்த்திட்டியே! நீயும் அவருக்குத்தானே ஓட்டுப் போட்டிருப்பே?"

"நாலு சீட்டையும் பார்த்தீங்களே, அதுல ஒண்ணு என்னுதுதான். கட்டின புருஷனுக்கு எதிரா ஓட்டுப் போடுவாங்களா யாராச்சும்?" என்றாள் மனைவி. "சரி, காலைத் தூக்குங்க, வண்டிக்காரர் அந்தக் கல்லை எடுக்கணும்."