மூன்றாம் அத்தியாயத்துக்கு நான்கு பூக்கள்

பதிப்பாசிரியர் யோர்தான்கா அம்மையாருக்கு,

மூன்றாவது மாடியிலிருந்து ஸ்வெத்லோஸார் பணிவோடு எழுதுவது. தங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நலத்தைத் தாங்கள் விசாரிக்காததில் எனக்கு வருத்தமில்லை.

என் நினைவுக் குறிப்புகளின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். "தலைப்பு 'தனிமை'. உள்ளே பதினாறு பேர் காபி குடிக்கிறார்கள். தனிமை எங்கே? அதை உண்மையாக எழுதினால்தான் புத்தகம்" என்று குறிப்பு வேறு. அம்மையாரே, என்னைத் தனியாக விட்டால்தானே எழுதுவேன்! கேளுங்கள். என்னைக் கண்டடையும் முயற்சியில் ஒரு கவிதை எழுதினேன்: 'காதலிக்கத் தெரியாத ஸ்வெத்லோஸார் காலமானான், புதியவன் பிறந்தான்' என்று. எங்கள் ஊரில் ஜனங்கள் நின்று படிப்பது கதவில் ஒட்டும் சாவு அறிவிப்பை மட்டும்தான் என்பதால், கவிதையையும் அதே மாதிரி கறுப்புக் கட்டம் போட்டு, மீசையோடு என் படத்தையும் வைத்துக் கட்டட வாசற்கதவில் ஒட்டினேன். படத்தைப் பார்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், கவிதையை ஒரு ஜீவன்கூடப் படிக்கவில்லை. கீழ்வீட்டு ஸ்தோயன்கா அக்கா துக்கத்துக்கு வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமைக்கொட்டையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்த என்னைப் பார்த்து, "அடப்பாவி, உயிரோடவா இருக்க? மூணு மணி நேரம் அடுப்படியில நின்னேனே!" என்று கத்தினார். பின்னாலேயே எதிர்வீட்டு கிரில் அண்ணன் பிளம் சாராயத்தோடு வந்து, "செத்தவங்களுக்கு ஊத்தற வழக்கப்படி உனக்காகத் தரையில ரெண்டு சொட்டு ஊத்திட்டேன்டா. அது வீணாப் போச்சு, மீதிய நீயே குடி. மனுஷன் நல்லவன், எழுதறதுதான் மோசம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்" என்றார். கடைசியாக வந்தவள் நெவேனா. "என்னைப் பத்தி எழுதற, என்கிட்ட பேச மாட்டேங்கற" என்று ஆறு வருடம் முன்பு கிளம்பிப்போன என் மனைவிதான். கையில் நான்கு கார்னேஷன் பூக்கள். செத்தவனுக்கு இரட்டைப்படைதானே வழக்கம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பூவை உருவி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, "இந்தா, உயிரோட இருக்கறவனுக்கு மூணு" என்றாள். இந்தக் கூட்டத்தில் நான் தனிமையை எங்கே தேடுவேன், சொல்லுங்கள்!

தங்கள் அச்சகத்தில் மை வற்றாதிருக்கட்டும். தங்கள் பூனைக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
ஸ்வெத்லோஸார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் 'தனிமை எங்கே?' என்ற உங்கள் கேள்வி குறுக்கே வந்து நின்றது. ஒருவரும் வரவில்லை, அம்மையாரே. ஸ்தோயன்கா அக்கா போன வருடமே மகள் வீட்டோடு போய்விட்டார். கிரில் அண்ணன் வீடு பூட்டிக் கிடக்கிறது. நெவேனாவின் விலாசம் என்னிடம் இல்லை. அறிவிப்பு ஒன்பது நாளாகக் கதவில் இருக்கிறது. சாரலில் என் மீசை கரைந்துவிட்டது. கோதுமையை வேகவைத்தவன் நான்தான். பூ வாங்கியதும் நான்தான். "உயிரோட இருக்கறவங்களுக்கா, இல்ல போனவங்களுக்கா?" என்று பூக்காரி கேட்டாள். "இன்னும் முடிவாகல, நாலு குடும்மா" என்றேன். மூன்றாம் அத்தியாயமாக இந்தப் பின்குறிப்பை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பூக்களைக் குவளையில் வைத்துவிட்டேன். நான்காவதை எறிய மனம் வரவில்லை, கையிலேயே இருக்கிறது.