ஜீசாவின் சிவப்பு நூல்

இனி இந்த வீட்டில் ஒரு காரியமாவது தன் இஷ்டப்படி நடக்கும் என்று சால்வு சபதம் செய்தார். மால்டாவில் வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று சட்டமே வந்துவிட்டது. பிறகென்ன? படுக்கையறை அலமாரியில் இருந்த கோட்டுகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். உள்ளே விளக்கு, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தார். மண்ணே கிடையாது. வேர்கள் சத்துத் தண்ணீரில் தொங்கின. மோட்டார் குளுக் குளுக் என்று குமிழி விட்டது.

மனைவி ஜீசா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"சட்டம் உங்களுக்கு நாலுன்னா சொல்லுது? வீட்டுக்கு நாலு. வீட்ல நான் இல்லையா? ரெண்டு எனக்கு."

"உனக்கெதுக்குடி?"

"முட்டி வலிக்கு எண்ணெய் காய்ச்ச. கஞ்சா வளர்க்கிறவர் கஞ்சனா இருக்காதீங்க."

தன் இரண்டு செடிகளிலும் சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் போனாள்.

செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. "திருவிழாவுக்கு என் சொந்த விளைச்சல்!" என்று சால்வு கடைத்தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

ஒரு ஞாயிறு காலை ஜீசா கோயிலுக்குப் போன நேரம், எதிர்வீட்டு விஸ்தின் வந்தார். அலமாரிக்குள் தலையை விட்டுக் கணு கணுவாகப் பார்த்தார்.

"சால்வு, மனசைத் தேத்திக்கோ. நூல் கட்டினது ரெண்டும் பொண்ணு. உன்னோடது ரெண்டும் ஆணு."

"இருந்துட்டுப் போகட்டுமே!"

"யோவ், ஆண்செடி ஒண்ணுக்கும் ஆகாது. பொண்ணுதான் மொட்டு வைக்கும். ஆணை உள்ள விட்டா அதையும் கெடுத்துடும். சில நாள் பொறுத்து, பூ வெடிக்கிறதுக்கு முன்னாடி பிடுங்கி எறியணும்."

சால்வுக்கு உலகமே இருண்டது. கண்ணாடி போட்டாலும் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத கண் அவருக்கு. தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. விஸ்தின் படியிறங்கியதுதான் தாமதம், நூலை அவிழ்த்துத் தன் செடிகளில் கட்டிவிட்டார். மனசாட்சி கொஞ்சம் முனகியது. அதன் வாயை மோட்டார்ச் சத்தம் அடைத்தது.

ஜீசா வந்தாள். அலமாரியைத் திறந்தாள். மூடினாள். சமையலறைக்குப் போனாள். சால்வு அன்று இரண்டு தட்டு முயல்கறி சாப்பிட்டார்.

சில நாள் கழித்து ஜீசா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க! இங்க வந்து பாருங்க."

சிவப்பு நூல் செடிகளில் வெள்ளை முடி சிலிர்த்துக்கொண்டு மொட்டுகள். நூல் இல்லாத சால்வின் செடிகளிலோ, கொத்துக் கொத்தாய்க் குண்டுமணி மாதிரி பச்சை ஆண்பூக்கள்.

நேரே எதிர்வீட்டுக்கு ஓடினார். "டேய் துரோகி! மாத்திச் சொல்லிட்டியேடா!"

"உன் வீட்டுக்காரிதான்யா சொல்லச் சொன்னா. அவளோடது ரெண்டும் ஆணுன்னு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டா. 'அவர் நேர்மையா இருந்தா எனக்குத்தான் நஷ்டம், பார்ப்போம்'னு சொன்னா. நீ நேர்மையா இருந்தியா?"

மனைவியிடம் நியாயம் கேட்கலாம். கேட்டால் நூல் எப்படி இடம் மாறியது என்று முதலில் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பினார். ஜீசா ஆண்செடிகளைப் பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளைன்னாலே ஒண்ணுக்கும் ஆகாதா, ஜீசா?" என்றார் ஈனசுரத்தில்.

"யார் சொன்னது?" என்று வாளியை அவர் கையில் கொடுத்தாள். "தொட்டித் தண்ணியை யார் மாத்துறதாம்?"