நடுவழியில் ஓர் ஏரி

“ஒன்பது மணி நேரத்துல ஒரு ஏரியைப் பார்த்துட்டு வர முடியாதா?” என்று டைம் கீப்பர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“ஏரி எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல சாப்பிடுங்க,” என்றாள் மனைவி.

அவர் சாப்பிடவில்லை. பேருந்து நிலையத்தில் இருபத்தேழு வருடங்களாக வண்டிகள் வருவதையும் போவதையும் எழுதுகிறவர் அவர். மூன்று நிமிடம் தாமதமாக வந்த ஓட்டுநரை முப்பது நிமிடம் நிறுத்தி வைத்துத் திட்டுவார். அதனால் அந்த வண்டி மேலும் முப்பது நிமிடம் தாமதமாகும் என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க அவரும் மனைவியும் கிளம்புகிறார்கள். மகளே தெருமுனை டிக்கெட் ஏஜென்சிக்குப் போன் செய்து டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். விமானம் நடுவில், பூமியின் வடகோடியில் ஒரு நாட்டில் இறங்குகிறது. மலை, ஏரி, அருவி, பனி என்று படத்தில் பார்த்தாலே போர்வையைத் தேட வைக்கும் நாடு. அங்கே ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் அடுத்த விமானம்.

டைம் கீப்பர் கோடு போட்டு எழுதியிருந்தார். இறங்கி, வரிசையில் நின்று வெளியே வர ஒன்றரை மணி. ஊருக்குள் போக ஐம்பது நிமிடம். அங்கிருந்து ஏரிக்கு ஒன்றரை மணி. திரும்பி வர மறுபடி அதே நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிட வேண்டும். எல்லாம் கூட்டிக் கழித்ததில், ஏரியைப் பார்க்க மைனஸ் பத்து நிமிடம் மிஞ்சியது. அதாவது, ஏரிக்குப் போய்ச் சேருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அவர்கள் ஏரியிலிருந்து கிளம்பிவிட வேண்டும்.

“அப்ப ஏர்போர்ட்லயே காலை நீட்டி உட்கார்ந்திருப்போம். கொஞ்சம் தூங்கினா, பேத்தியைப் பார்க்கறப்ப தெளிவா இருக்கலாம்,” என்றாள் மனைவி.

பேத்தி என்றதும் டைம் கீப்பர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஏஜென்சிக்குப் புறப்பட்டார்.

ஏஜென்சியில் ஒரே ஒரு பெண். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அதை இறக்கிவிட்டுக் கணினியைப் பார்த்தாள்.

“மறுநாள் விமானத்துக்கு மாத்தினா முப்பத்துமூணு மணி நேரம் கிடைக்கும் சார். ஆனா உங்க பொண்ணு வீட்டுல ஒரு நாள் குறையும்.”

“எத்தனை நாள் இருக்கு அங்க?”

“உங்க லீவு பதினஞ்சு. போகவர ரெண்டு போனா, பதிமூணு.”

“பதிமூணுல ஒண்ணுதானே, மாத்துங்க.”

முப்பத்துமூன்று மணி நேரம் கையில் வந்ததும் புதுத் தொல்லை ஒன்று வந்தது. கோடையில் அந்த நாட்டில் சூரியன் மறைவதே இல்லையாம். இரவுக்கு ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே அடுத்த நாளைத் தொடங்கித்தான் டைம் கீப்பருக்குப் பழக்கம். கோடு போட இடமில்லாமல் தவித்துப் போனார். மறுநாள் வேலையில், பழைய சிநேகிதரான கண்டக்டரைக் கேட்டார்.

“இருட்டாத ஊர்ல கடைசி வண்டி எப்பப்பா போகும்?”

“இருட்டுற ஊர்லயே நம்ம கடைசி வண்டி போறதில்லையேண்ணே.”

கண்டக்டர் அதோடு விட்டிருக்கலாம். உதவி செய்கிற குணம் விடவில்லை. தன் போனில் அந்த ஏரியைத் தேடிப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஏரியைக் கரையில நின்னு பார்த்தா என்ன இருக்கு? படகுல போனாத்தான் அருவி தெரியுமாம். ஆனா படகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான்,” என்றார்.

டைம் கீப்பருடைய நாள், படகு போகாத நாளாக இருந்தது. அன்று மாலையே ஏஜென்சிக்குப் போனார். படகுக்கு மறுநாள்தான் விமானம் என்று வைத்ததில் தங்கல் மூன்று நாளானது. மகள் வீடு பத்து நாளானது.

அடுத்த நாள் கண்டக்டரே தேடிக்கொண்டு வந்தார்.

“அங்க வாரத்துல நாலு நாள் மழையாமேண்ணே? மழை பெஞ்சா படகு விடமாட்டான். டிப்போவுல ஸ்பேர் பஸ் வச்சிருக்கோம் இல்ல? அந்த மாதிரி ஸ்பேர் நாள் ஒண்ணு வச்சுக்குங்க.”

இருபத்தேழு வருட அனுபவத்துக்கு இது நியாயமாகவே பட்டது. ஆனால் அந்த ஸ்பேர் நாளில் மகள் ஊருக்கு விமானம் கிடையாது. அதற்கு அடுத்த மூன்று நாளும் இடமில்லை. சாண் ஏறப் போய் முழம் சறுக்கியது. டைம் கீப்பரோ சறுக்கியதாகவே நினைக்கவில்லை. விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி தரையில் உட்கார்ந்து, பேத்திக்கு வாங்கிய சின்னச் சின்ன கவுன்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். புதுத் தாளை வாங்கிப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

“ஏழு நாள் ஏரி. ஆறு நாள் மக. இதுல நீங்க பெத்தது எதுங்க?”

“இயற்கைக் காட்சிம்மா. எல்லாம் உனக்காகத்தான்.”

“முப்பது வருஷத்துல நம்ம ஊர் ஏரிக்கு ஒருநாள் என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? பஸ்ல பத்து நிமிஷம்.”

டைம் கீப்பர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நாலு வருடத்துக்கு முன்னால், பத்துப் பேர் வாசலில் நின்று அவர் வாங்கிக் கொடுத்த வேலையை மகள் விட்டுவிட்டாள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறேன் என்றாள். அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். விமான நிலையத்துக்குப் போகிற பேருந்து அவருடைய நாலாம் பிளாட்பாரத்திலிருந்துதான் கிளம்பும். அன்று காலை அவருக்கு டியூட்டி. மகள் படியில் நின்றபடி, “அப்பா,” என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு சரியான நேரத்துக்கு ஒரு வண்டியும் கிளம்பியதில்லை.

பிறகு அவளுக்கு அங்கேயே கல்யாணம் ஆனது, குழந்தையும் பிறந்தது. அவள் அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் அவர் அடுத்த அறையிலிருந்து, “அங்க மழையான்னு கேளு,” என்பார். பேத்தியின் படத்தைக் காட்டினால், “கண்ணாடியைக் காணோம், அப்புறம் பார்க்கறேன்,” என்பார். கண்ணாடி மூக்கில் இருக்கும். நாலு வருடமாக அவர் அந்த ஒரு நிமிடத்தை நினைக்காத நாள் இல்லை. ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? கேட்கிற ஆளே அவர்தான்.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

மனைவி கவுன்களை அப்படியே வைத்தாள்.

“அவ வாசல்ல போய் நின்னா, நான் என்ன பேசறது? நாலு வருஷமா யோசிக்கறேன், ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. இன்னும் நாலு நாள் தள்ளிப்போனா வந்துடும்னு பார்த்தேன்.”

“படகுல ஏறினா வந்துடுமா?”

“வராது,” என்று ஒத்துக்கொண்டார்.

“பேச வேண்டாங்க. போய் நில்லுங்க, போதும். நீங்க பேசுவீங்கன்னு அங்க யாரும் காத்துக்கிட்டு இல்ல. வருவீங்களான்னுதான் காத்துக்கிட்டிருக்காங்க.”

அவர் அத்தனை நாளாக எழுதிய தாள்களை எல்லாம் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆடுவதை நிறுத்தியது. அந்த வாரம் அவர் செய்த ஏற்பாடுகளிலேயே உருப்படியானது அதுதான். அன்றைக்குத்தான் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், பேத்தியின் படத்தைத் தானாகவே கேட்டு வாங்கிப் பார்த்தார். “மூக்கு என்னை மாதிரி இருக்கு, பாவம்,” என்றார்.

மறுநாள் காலையில் ஏஜென்சிப் பெண் கதவைத் திறக்க வந்தபோது, டைம் கீப்பர் படியில் நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் எடுத்துடும்மா. ஏரி, படகு, ஸ்பேர் நாள், ஒண்ணும் வேண்டாம். எங்கயும் இறங்காம, நேரா என் பொண்ணு ஊருக்குப் போற விமானம் எதுவும் இருக்கா?”

“இருக்கு சார்.” அவள் கணினியைக்கூடப் போடவில்லை.

“இருக்கா! அப்ப முதல்லயே அதைப் போட வேண்டியதுதானே? என்னை எதுக்கு உலகத்தைச் சுத்த விட்டீங்க?”

அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவரைப் பார்த்தாள்.

“முதல்ல அதைத்தான் சார் போட்டேன். ‘எங்கப்பா ஒரே மூச்சுல என்கிட்ட வந்துட மாட்டாரு, தயங்கி நிக்க நடுவுல ஒரு ஊர் வைங்க’ன்னு உங்க பொண்ணுதான் மாத்தச் சொன்னாங்க.”